தாழ்த்திய பிக்கப்பும் நாலு கேள்விகளும்

சென்ற மாதம் ஒரு மதியம் சுகன்யா கராஜிலிருந்து போன் எடுத்தாள். நான் விட்டுவந்த வேலையை இப்போது அவள்தான் செய்கிறாள்.

"அக்கா, பழைய வண்டி ஒண்டு வந்திருக்கு. நிலத்தோடை ஒட்டிற மாதிரிப் பதிச்சு வைச்சிருக்கிறாங்கள். மெஷினிலை இந்த மொடலே இல்லை. என்ன நம்பர் போட?"

"நம்பர் இருக்கட்டும். வண்டிக்காரரோடை கதைச்சனியோ?"

"அவர் திறப்பைத் தந்திட்டுக் கோப்பி குடிக்கப் போட்டார்."

"அப்ப அவர் வரட்டும். அதுவரைக்கும் வண்டியிலை கை வையாதை."

"அக்கா, நான் செய்யிறது ஜெயோமெத்ரி. கலியாணம் பேசப் போகேல்லை" என்று சிரித்துக்கொண்டு வைத்துவிட்டாள்.

ஜெயோமெத்ரி என்று இங்கே சொல்வது வண்டியின் சக்கரங்களை நேர்ப்படுத்தும் வேலை. ஊரில் வீல் அலைன்மென்ற் என்போம். பாரிசின் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், தண்டவாளங்களை ஒட்டிய தெருவில் உள்ள ஒரு கராஜில் அந்த வேலையைத்தான் பதினொரு வருடம் செய்தேன். எனக்கு ஐம்பத்தாறு வயது. ஓய்வுபெறும் வயது இல்லை. கைகளைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது என்று தொழில் மருத்துவர் எழுதித் தந்துவிட்டார். வண்டிக்குக் கீழே நின்று செய்யும் வேலையில் கை எப்போதும் தோளுக்கு மேலேதான் இருக்கும்.

சுகன்யாவுக்கு அன்று சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் நான் கணித ஆசிரியை. 2009இல் வன்னியிலிருந்து வெளியே வந்தபோது என்னோடு என் மகன் நிரோசன் மட்டும் இருந்தான். அவனுக்கு ஒன்பது வயது. கணவர் வரவில்லை. அதைப்பற்றி இதற்கு மேல் எழுதும் நிலை எனக்கு இன்னும் வரவில்லை. அடுத்த வருடம் பாரிசுக்கு வந்தோம். தமிழர் கூடும் லா சப்பல் பகுதியில் கடைகளும் அலுவலகங்களும் துப்புரவு செய்தேன். அவற்றில் ஒன்று இந்தக் கராஜ். கோணங்கள் பற்றி ஒருநாள் அங்கே நடந்த பேச்சில் நானும் வாய் வைத்தேன். பொறுப்பாளர் என்னைப் பாரிசை ஒட்டிய பொபினியில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். மிச்சத்தை அவரிடம் பழகினேன். பயிற்சிக் காலம் பற்றி வேறு பெரிதாக ஒன்றுமில்லை.

அந்தப் பொறுப்பாளர் முசியே சவரி, பாண்டிச்சேரிக்காரர். எனக்கு ஐந்தாறு வயது மூத்தவர். உயரம் குறைந்தவர், எப்போதும் இஸ்திரி போட்ட நீல மேலங்கி. என்னைக் கடைசிவரை "மதாம்" என்றுதான் கூப்பிட்டார். அவருடைய தமிழில் பாதியும் என்னுடைய தமிழில் பாதியும் எங்கள் இருவருக்கும் ஆரம்பத்தில் விளங்கவில்லை. "வடிவாப் பாருங்கோ" என்று நான் சொன்னால், "வடிவமா? வடிவம் நல்லாத்தான இருக்குது?" என்பார்.

முதல் வாரத்தில் நடந்தது. புது ரயரைச் சக்கரத்தின் இரும்பு வட்டத்தில் பூட்டிக் காற்றடிக்கும்போது, ரயரின் விளிம்பு வட்டத்தில் போய் இருக்கும் கணத்தில் வெடிபோலப் பெரிய சத்தம் வரும். எனக்கு அது தெரியாது. சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது வேலைமேசைக்குக் கீழே இருந்தேன், தலையைக் கைகளால் மூடிக்கொண்டு. எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முசியே சவரி காற்று இயந்திரத்தை நிறுத்தினார். கிட்ட வரவில்லை.

"எல்லாரும் சாப்பிடப் போங்க" என்றார்.

"இன்னும் பத்து மணியே ஆகேல்லை முசியே" என்றார் வேலையாட்களில் ஒருவர்.

"பசிக்குதுன்னு சொன்னேன்ல? போங்க."

அவர்கள் போனபின் தூரத்தில் ஒரு ரயரின் மேல் அமர்ந்து தோடம்பழம் உரிக்கத் தொடங்கினார். நான் வெளியே வந்து உடுப்பைத் தட்டியதும் பாதிப் பழத்தை நீட்டினார். "நாளையிலிருந்து சொல்லிட்டு அடிக்கிறேன் மதாம்."

மறுநாளிலிருந்து, ஒவ்வொரு ரயருக்கும் முன்னால், தரிப்பிடத்தின் பேரை அறிவிக்கும் பேருந்துக்காரரின் குரலில் "பூம், மதாம்!" என்பார். பிறகு மற்றவர்களும் பழகினார்கள். நான் விடுமுறையில் நின்ற நாட்களிலும் சொன்னார்களாம். சத்தம் எனக்குக் கடைசிவரை பழகவில்லை. ஆனால் அந்தக் குரல் முன்னால் வந்தால் நின்ற இடத்தில் நிற்க முடிந்தது.

அவருடைய வேலைமுறையும் அப்படித்தான், எதற்கும் முன்னால் பேச்சு. சொந்தக்காரரிடம் நாலு கேள்விகள் கேட்காமல் எந்த வண்டியிலும் கை வைக்க மாட்டார். வண்டியில யாரு உக்காருவாங்க? பின்னாடி என்ன ஏத்துவீங்க? எங்க போவீங்க? திரும்பி வரும்போது என்ன இருக்கும்? பாரம் ஏறினால் வண்டி தாழும், தாழ்ந்தால் சக்கரங்கள் திரும்பும். வெறும் வண்டியை நேராக்கினால் வெறும் வண்டிதான் நேராக ஓடும் என்பது அவர் கட்சி.

ஒருமுறை ரூ லூயி-பிளாங் தெருவில் உணவகம் வைத்திருந்த ஒருவர் தன் வான் வண்டியைக் கொண்டுவந்தார்.

"பின்னாடி என்ன ஏத்துவீங்க அண்ணே?"

"மரக்கறிதான் முசியே. கீரை, கத்தரிக்காய்."

முசியே சவரி குனிந்து பின்பக்க வில்லுகளைப் பார்த்தார். "கீரைக்கு ஸ்பிரிங்கு இப்பிடி உக்காராதே."

"சரி, கொஞ்சம் அரிசியும்."

"கொஞ்சம்னா?"

உணவகக்காரர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பினேன். "ஏத்தக்கூடியவளவு ஏத்துவன்" என்றார் கடைசியில்.

"அப்ப போயி ஏத்திக்கிட்டு வாங்க."

ஏற்றிக்கொண்டுதான் வந்தார். அதற்குப் பிறகு பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் எங்களுக்கு அரிசி மூட்டைகள் இரவல் தரத் தொடங்கினார். ஓட்டுநரின் ஆசனத்தில் அவர் எடைக்கு மூட்டைகளை வைத்து வேலை செய்தோம். வேலை முடிந்ததும் மூட்டைகள் கடைக்குத் திரும்பிப் போகும்.

இனி அந்த வண்டி.

கொரோனா அடங்கிய வருடம் நிரோசன் இங்கிலாந்திலிருந்து எழுபதுகளின் பிக்கப் ஒன்றை வாங்கிவந்தான். கடல்பச்சை நிறம். ஸ்டியரிங் வலப்பக்கம். அவன் தச்சு வேலை படித்தவன், பின்பெட்டிக்குத் தன் கையால் பலகை போட்டான். நண்பர்களோடு சேர்ந்து வில்லுகளை மாற்றி, வண்டியை நாலு விரல் தாழ்த்தினான். தாழ்த்தியபின் சக்கரங்களை நேராக்க என்னிடம் கொண்டுவரவில்லை. நான் வேண்டாம் என்பேன் என்று தெரியும். பொபினியில் இருக்கும் ராசன் அண்ணையிடம் போனான். என் கணவரின் ஒன்றுவிட்ட தமையன். கிளிநொச்சியில் சொந்தமாக வேலைத்தளம் வைத்திருந்தவர், இங்கே உணவகத்தில் வேலை, ஓய்வுநாளில் வீட்டு முற்றத்தில் கார் திருத்துவார். நூல் பிடித்து, மட்டம் வைத்து அவர் நேராக்கிக் கொடுத்தார்.

நான் எப்படிப்பட்ட தாய் என்பதையும் சொல்லவேண்டும். பள்ளி விட்டு அவன் பத்து நிமிடம் பிந்தினால் லா சப்பல் மெத்ரோப் படியில் நிற்பேன். வளர்ந்தபின் அவன் எங்கே நிற்கிறான் என்று காட்டும் புள்ளியை என் போனில் போட்டுத் தந்தான். வேலைக்கு நடுவே அந்தப் புள்ளியைப் பார்ப்பேன். அது நகர்ந்தால் ஏன் நகர்கிறது என்று பயம், நின்றால் ஏன் நிற்கிறது என்று பயம். அப்படிப்பட்டவளிடம் ஒரு மாலை வந்து, "அம்மா, வண்டி வலப்பக்கம் இழுக்குது" என்றான். சாப்பாட்டை விட்டெழுந்து முசியே சவரிக்குப் போன் எடுத்தேன்.

சனிக்கிழமை கராஜ் பூட்டியபின் கொண்டுவரச் சொன்னார் முசியே சவரி. முன்பக்கம் இடிபடாமல் மேடையில் ஏற்ற நீளப் பலகைகள் வைக்கவேண்டியிருந்தது. அளந்தோம். திரையில் எல்லாம் பச்சை. ஒரு கோணமும் பிழை இல்லை. முன் ரயர்களை இடம் மாற்றினோம், பிரேக் ஒட்டுகிறதா என்று பார்த்தோம். ஓட்டினால் அதே இழுவை. கையைத் தளர்த்தினால் வலப்பக்கக் கரையை நோக்கிப் போனது.

மறுநாள் பொபினிப் பக்கம், களஞ்சியங்களுக்குப் பின்னால் ஞாயிறுகளில் வெறுமையாகக் கிடக்கும் தெருவுக்குப் போனோம். நானும் நிரோசனும் ஓரத்தில் நிற்க, முசியே சவரி ஓட்டினார். தெருமுனையில் ஒரு குப்பை வண்டி வலப்பக்கத்தை மறித்து நின்றது. அவர் இடப்பக்கத்துக்கு எடுத்து, அப்படியே இடப்பக்கத்தாலேயே வந்தார். வந்துகொண்டிருக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கண்ணாடி வழியாக எங்களுக்குக் காட்டினார். வண்டி ரேகை கீறினமாதிரி நேராக வந்தது.

இறங்கிச் சிரித்தார். "மதாம், வண்டிக்கு ஒரு வியாதியும் இல்ல. உங்க ஊர்ல ஓடுறதா நெனச்சுக்கிட்டு இருக்குது."

தெருக்களை நடுவில் உயர்த்தி, ஓரத்தில் சரித்துத்தான் போடுவார்கள், மழைநீர் வடிய. ஊரில் நாங்கள் இடப்பக்கம் ஓடுவதால் வண்டி இடப்பக்கம் சரியும். அதை ஈடுசெய்ய அங்கத்தைய கைகள் வலப்பக்கம் ஒரு மயிரிழை இழுவை வைக்கும். பிரான்சில் எல்லாம் மறுபக்கம். இங்கே அந்த மயிரிழை சரிவோடு சேர்ந்து இரண்டு மடங்காகும். இயந்திரத்துக்கு மயிரிழை பிழையாகத் தெரியாது.

ராசன் அண்ணைக்கு அங்கேயே நின்று போன் எடுத்தேன்.

"அண்ணை, முன்சக்கரத்தை எந்தப் பக்கம் இழுக்க விட்டனீங்கள்?"

"வழமையாப் போலதான் தங்கச்சி."

"எந்த வழமை?"

"ஐயோ" என்றார். "எத்தினை கார் இஞ்சை செய்திருப்பன், ஒண்டும் பிசகேல்லை. உதிலை ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கக் கண்டது. கை கிளிநொச்சிக்குப் போட்டுது."

நிரோசன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வலப்பக்க ஸ்டியரிங்கைக் கண்டவுடன் என் மனமும் கிளிநொச்சிக்குப் போயிருந்தது.

அடுத்த சனிக்கிழமை மீண்டும் மேடையில் ஏற்றினோம். இனிச் சரியாகச் செய்யவேண்டும், அதனால் கேள்விகளிலிருந்து தொடங்கவேண்டும். முசியே சவரி திருகுசாவியை என்னிடம் தந்தார். "உங்க வண்டி மதாம். நீங்க கேளுங்க" என்றுவிட்டு சக்கரங்களில் மாட்டும் அளவுகோல்களைத் துடைக்கத் தொடங்கினார்.

நான் வண்டிக்குக் கீழே நின்றேன். நிரோசன் மேலே ஓட்டுநர் ஆசனத்தில். முகம் தெரியவில்லை.

"வண்டியிலை ஆர் இருப்பினம்?"

"நான்தான்."

"பின்னாலை என்ன ஏத்துவாய்?"

"ஒண்டுமில்லை அம்மா. சும்மா ஓடுறதுதானே."

முசியே சவரி துணியை வைத்தார். "தம்பி, பின்பெட்டிப் பலகைக்குக் கீழ நாலு இரும்பு புதுசாப் பத்தவச்சிருக்கிறியே. சும்மா ஓடவா? இந்தளவு தாழ்த்தின வண்டிப்பா இது. பாரம் ஏறிச்சுன்னா பின்னச்சு ரப்பர்ல முட்டும், முன்பக்கம் தூக்கும், நெடுஞ்சாலையில ஸ்டியரிங் கையில நிக்காது. அம்மாவுக்குப் பொய் சொல்றது உன் இஷ்டம். வண்டிக்குச் சொல்லாத."

நான் மீண்டும் முதலிலிருந்து கேட்டேன், எந்த வாடிக்கையாளரிடமும் கேட்பதுபோல.

"ஆர் இருப்பினம்?"

"நான். பக்கத்திலை ஒராள்."

"எத்தினை கிலோ?"

"அம்பத்தெட்டு இருக்கும். கிளேர் எண்டு பேர். எங்கடை அத்தொலியேயிலை, அந்தத் தச்சுப் பட்டறையிலை வேலை செய்தவ."

"பின்னாலை?"

"என்ரை மேசை. மரம் அரியிற மெஷின். தச்சு ஆயுதப் பெட்டியள். கட்டில்."

"எங்கை போவாய்?"

"துலூஸ். அங்கை ரெண்டு பேருமாப் பட்டறை ஒண்டு எடுத்திருக்கிறம்."

நாலாவது கேள்வியைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது இல்லாமல் கணக்கு முடியாது. போகும்போது ஒரு பாரமும் வரும்போது இன்னொரு பாரமும் என்றால் இரண்டுக்கும் நடுவில் வைக்கவேண்டும்.

"திரும்பி வரேக்கை என்ன இருக்கும்?"

"திரும்பி வாறது எண்டு ஒண்டில்லை அம்மா" என்றான். பிறகு பிரெஞ்சில் ஏதோ தொடங்கி, நிறுத்தி, "உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை" என்றான்.

என் தலைக்கு மேலே அவனுடைய எடை தாங்கிய அச்சு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒரு வாய்ப்பு என் கையில் இருந்தது. இந்த வண்டி நெடுஞ்சாலைக்கு உதவாது என்று நான் சொன்னால் அவன் நம்புவான். சொல்லத் தெரிந்தவள் நான்தான். முசியே சவரி என்னைப் பார்க்கவில்லை, ஆனால் அளவுகோலைத் துடைப்பதை நிறுத்தியிருந்தார்.

"பின்பக்கத்தை ரெண்டு விரல் உயர்த்தவேணும்" என்றேன். "அப்பதான் இந்தப் பாரத்தோடை போகலாம்."

"ரெண்டு விரலோ! அம்மா, அது பாக்க வான்கோழி மாதிரி நிக்கும்!"

"அப்ப கட்டிலை விட்டிட்டுப் போ."

"கட்டில் வேணும்."

முசியே சவரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

அடுத்த வார இறுதியில் செய்தோம். பின்வில்லுகள் உயர்ந்தன. பின்பெட்டியில் அவனுடைய மேசைக்கும் இயந்திரத்துக்கும் ஈடாக மூட்டைகள் ஏற்றினோம். அவனை அவன் ஆசனத்திலேயே இருத்தினேன். கிளேரின் இடத்தில் மூன்று அரிசி மூட்டைகள். "ரெண்டு கிலோ கூட இருக்குதே மதாம்" என்றேன் முசியே சவரியின் குரலிலேயே, முந்திக்கொண்டு. "இருக்கட்டும், கல்யாணத்துக்கு அப்புறம் ஏறும்" என்றார் அவர்.

முதலில் காற்று பார்த்தோம். வண்டியின் நாலு மூலையையும் அமுக்கி அமுக்கி விட்டோம், வில்லுகள் தங்கள் இயல்பான உயரத்துக்கு வரட்டும் என்று. பின்னச்சு எந்தத் திசையில் தள்ளுகிறது என்று பார்த்தோம், அதுதான் அடிப்படை. பிறகு முன்பக்கம். ராசன் அண்ணை வைத்த மெல்லிய தகடுகளில் ஒன்றை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கத்தில் வைத்தேன். கிளிநொச்சி போய் பிரான்ஸ் வந்தது. பிறகு சக்கரங்களின் மேற்பக்கச் சாய்வு. கடைசியாக அவற்றின் மூக்குகள், முன்னால் அவை உள்ளே திரும்புகின்றனவா வெளியேயா என்பது. ஸ்டியரிங்கை நேராகப் பூட்டிவிட்டு, சக்கரங்களைத் திருப்பும் இரண்டு பக்கத் தண்டுகளையும் ஒரே அளவு, கால் திருகலுக்கும் குறைவாகத் திருப்பினேன். தாழ்த்திய வண்டியில் இந்தத் தண்டுகள் கிடையாக இல்லாமல் சரிந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு திருகலுக்கும் பிறகு வண்டியை மீண்டும் அமுக்கி அளக்கவேண்டும். சுகன்யா, இதற்குத்தான் நம்பர் இருக்கட்டும் என்றேன். மதியம் தாண்டிவிட்டது. பூட்டுச் சுரைகளை இறுக்கும்போது தோள் எரிந்தது. முசியே சவரி உதவிக்கு வரவில்லை. இதை நானே முடிப்பது எனக்குத் தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஓட்டிப் பார்க்க நிரோசனோடு நான் போனேன். வலப்பக்கத்தில் ஓட்டுபவர், இடப்பக்கத்தில் நான். இந்த ஒழுங்கில் நான் கடைசியாக இருந்தது அவனுடைய அப்பாவின் பக்கத்தில். அவன் தாடையும் அவருடையதுதான். நான் பாதையைப் பார்க்க முயன்றேன். பாரிசுக்கு வெளியே, இருவழிப் பாதையில், ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். இடப்பக்கம் இருப்பவருக்குத்தான் எதிரே வருவது தெரியும்.

"அம்மா, வருதோ?"

"பொறு."

"இப்ப?"

"பொறு."

"அம்மா, ரோட்டிலை ஒண்டுமில்லை எண்டு எனக்கே தெரியுது."

மெய்தான், ஒன்றும் வரவில்லை. "எடு" என்றேன். லொறியைக் கடந்தோம். வண்டி இரண்டு பக்கமும் அசையவில்லை.

கிளம்புகிற நாள் கிளேரை முதன்முதலாகப் பார்த்தேன். சிவந்த கைகள், வேலை செய்கிற கைகள். லொறிக்குக் கிட்டப் போகவிடாதே, தள்ளி நின்றால்தான் எதிரே வருவது உனக்குத் தெரியும் என்று என் பிரெஞ்சில் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுத் திருப்பிச் சொன்னாள். நிரோசனிடம் வாடிக்கையாளர் எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன்: ஆயிரம் கிலோமீற்றர் ஓடினபிறகு ரயரைத் தடவிப் பார்க்கவேண்டும். உள்விளிம்போ வெளிவிளிம்போ கூராக இருந்தால் திரும்பக் கொண்டுவா. வழுவழுப்பாக இருந்தால் தேவையில்லை. பிறகு வண்டி போயிற்று. தெருமுனை வரைக்கும் நேராகப் போயிற்று. அன்று முழுவதும் போனில் புள்ளி தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று வாரத்துக்குப் பிறகு நிரோசன் போன் எடுத்தான்.

"அம்மா, ஆயிரம் தாண்டிட்டுது. தடவிப் பாத்தன். ரெண்டு பக்கமும் வழுவழுப்பு. கொண்டுவரத் தேவையில்லை."

என் வேலை சரியாக அமைந்திருந்தது. வீட்டில் அவனுடைய கட்டில் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உனக்கென்ன தெரியும்?" என்றேன். "தச்சன்ரை கை வேறை. நான் வந்துதான் பாக்கவேணும்."

அடுத்த வெள்ளி துலூஸ் ரயிலேறினேன். நிலையத்துக்கு வெளியே, வெயிலில், வான்கோழி மாதிரி நின்றது வண்டி. நிரோசன் கையை விரித்துக்கொண்டு வந்தான். பையை அவனிடம் கொடுத்துவிட்டு, குந்தியிருந்து, முன்சக்கரத்துக்குள் கையை விட்டேன். உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை. மறுபக்கமும். ரயர் குழந்தையின் கன்னம்போல இருந்தது.

"எப்பிடி?" என்றான்.

"இப்ப ஒண்டும் சொல்லேலாது" என்றேன். "இன்னும் ஆயிரம் ஓடட்டும். திரும்ப வந்து பாக்கிறன்."

அவனுக்குப் பின்னால் வந்த கிளேர் என்ன என்று அவனைக் கேட்டாள். அவன் சொன்னான். வீட்டுக்குப் போனதும் அவள் கட்டிலை எனக்கு விட்டுவிட்டு, தங்களுக்குத் தரையில் மெத்தை விரிக்கப் போனாள்.